மறைக்கும் குன்றும் காட்டிக்கொடுக்கும் மேசையும்

1757 டிசம்பர் 5. சைலீசியாவின் தலைநகரான பிரெஸ்லாவுக்கு மேற்கே, லாய்த்தன் என்ற கிராமத்தை நடுவில் வைத்து ஆஸ்திரியப் படை வடக்குத் தெற்காக ஏழெட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு அணிவகுத்து நின்றது. ஏறத்தாழ 65,000 பேர். அவர்களை நோக்கி வந்த பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக்கிடம் அதில் பாதியைச் சற்றே தாண்டிய படைதான் இருந்தது. விடியற்காலையில் போர்ன என்ற ஊருக்கு அருகே ஆஸ்திரியரின் முன்காவல் குதிரைப்படையை அவர் விரட்டியடித்தார். பிறகு வடக்கு முனையைத் தாக்கப்போவதுபோல் ஒரு பாவனை காட்டினார். அந்த முனையைக் காத்துநின்ற லுக்கேசி, அடி தன்மேல்தான் விழப்போகிறது என்று நம்பி உதவி கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். ஆஸ்திரியத் தலைமையில் இருந்த லொரைன் இளவரசர் கார்லும் மார்ஷல் டாவுனும் சேமப்படையை வடக்கே நகர்த்தினார்கள்.

அதற்குள் பிரஷ்யப் படை வலப்புறம் திரும்பி, தாழ்ந்த குன்றுவரிசை ஒன்றின் பின்னால் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்திரியத் தலைமைக்கு அது பின்வாங்கலாகத் தெரிந்தது. பிற்பகல் 1 மணியளவில் அந்தப் படை ஸாக்ஷூட்ஸ் அருகே, ஆஸ்திரிய வரிசையின் தெற்கு நுனியில் வெளிப்பட்டது. அங்கே இருந்த நாடாஷ்டி ஆபத்தை முன்பே உணர்ந்து தூதர்களை அனுப்பிக்கொண்டேதான் இருந்தார், கேட்பார் இல்லை. இருட்டுவதற்குள் ஆஸ்திரியா ஏறத்தாழ 22,000 பேரை இழந்திருந்தது. அதில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டவர்கள். பிரஷ்யாவின் இழப்பு ஆறாயிரத்துக்கு மேல். அந்தக் கிராமம் இன்று போலந்தில், லுதீனியா என்ற பெயரில் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களைப் பொம்மைப் படைகளைக் கொண்டு மேசைமேல் நடத்திப் பார்ப்பவர்களுக்கு லாய்த்தன் ஒரு தீராத ஆசை. வரிசை வரிசையாக நீலச் சட்டைப் பிரஷ்யர், வெள்ளைச் சட்டை ஆஸ்திரியர், படைக்குப் படை வேறுபடும் கொடிகள், மதில் சூழ்ந்த ஒரு தேவாலயம் என்று கண்ணுக்கு அத்தனையும் விருந்து. ஆனால் மேசைமேல் நடத்துவதற்கு இதைவிடக் கடினமான போர் அந்த நூற்றாண்டில் இல்லை என்பது என் எண்ணம். மேசைப் போர் விளையாட்டால் எதைக் காட்ட முடியும், எது அதன் கைக்கு எட்டாது என்பதை இந்த ஒரு போரை வைத்தே சோதித்துவிடலாம்.

முதலில் அளவைப் பார்ப்போம். வீட்டுக்கூடத்தில் போடக்கூடிய மேசை ஆறடிக்கு நாலடி. எட்டுக் கிலோமீட்டர் போர்வரிசையை ஆறடிக்குள் அடக்கினால் மேசையின் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 4.4 மீட்டர் ஆகிறது. 600 பேர் கொண்ட ஒரு பட்டாலியன் மூன்று வரிசையாக நின்றால் அதன் முகப்பு ஏறத்தாழ 120 மீட்டர். மேசையில் 27 மில்லிமீட்டர். இன்று பரவலாக விற்கும் சிப்பாய்ப் பொம்மையின் உயரம் 28 மில்லிமீட்டர். அதாவது ஒரே ஒரு பொம்மையைப் படுக்கவைத்தால் அது ஒரு பட்டாலியனின் முழு அகலத்தையும் அடைத்துவிடும். மஸ்கட் துப்பாக்கி உருப்படியாகச் சுடும் தூரம் 100 மீட்டர் என்று கொண்டால் மேசையில் அது 23 மில்லிமீட்டர். பொம்மையின் கழுத்தைத்தான் எட்டும். பத்து சென்டிமீட்டரில் ஒரு தேவாலயத்தை நிறுத்தினால் அது தரையில் 440 மீட்டரை விழுங்கும். ஆகவே அந்தத் தேவாலயமே கிராமம் முழுவதற்கும் அடையாளமாக நிற்கிறது. இரு தரப்பிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட பட்டாலியன்கள் மோதிய களத்தில், மூன்று நான்கு பட்டாலியன்களுக்கு ஒரு பொம்மைக்குழு என்று சுருக்காமல் ஆட்டமே இல்லை.

இந்தச் சுருக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. நிலப்படமும் சுருக்கம்தான். சிக்கல் குன்றில் இருக்கிறது.

லாய்த்தனின் குன்றுகள் உயரமானவை அல்ல. எதிரே சமதரையில் நிற்பவனின் கண்ணை மறைக்கும் அளவுக்குத்தான் உயரம். அந்தக் குன்றை மூன்று சென்டிமீட்டர் தடிப்பில் தெர்மாகோலில் வெட்டி, பச்சை வண்ணம் பூசி மேசையில் வைக்கிறோம். ஆஸ்திரியத் தரப்பை ஆடுபவர் மேசையோரம் நிற்கிறார். அவருடைய கண் மேசைக்கு எழுபது சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. அதே அளவுத்திட்டத்தில் கணக்கிட்டால் அவர் போர்க்களத்துக்கு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கிறார். குன்றுக்குப் பின்னால் நகரும் நீலச் சட்டைகள் ஒன்றுவிடாமல் அவருக்குத் தெரிகின்றன. எந்த மார்ஷலுக்கும் வாய்க்காத கண் அது. பார்த்தவர் சும்மா இருப்பாரா? சேமப்படையைத் தெற்கே அனுப்பிவிடுவார்.

அப்படி ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. லாய்த்தனுக்கு ஆறு மாதங்களுக்குமுன், 1757 ஜூன் 18 அன்று, பொஹீமியாவில் கோலின் என்ற இடத்தில் இதே அரசர் இதே உத்தியைக் கையாண்டார். எதிரி அணியின் குறுக்கே நடந்து சென்று அதன் பக்கவாட்டில் விழுவதுதான் அங்கும் திட்டம். ஆனால் அங்கே டாவுனின் படை மேட்டின்மேல் நின்றது. கீழே நெடுஞ்சாலையில் பிரஷ்யர் நடந்து போவதை அது பார்த்துக்கொண்டே இருந்து, அதற்கேற்பத் தன் வரிசையை நீட்டிக்கொண்டது. பிரெடரிக் 13,000 பேருக்குமேல் இழந்து, பிராகா முற்றுகையையும் கைவிட்டுப் போனார். ஒரே அரசர், ஒரே ஆண்டு, ஒரே உத்தி; இரண்டு முடிவுகள். எதிரியின் கண்ணில் பட்டதா படவில்லையா என்பதே இவற்றைப் பிரித்த முதல் காரணம். எல்லாம் தெரியும் மேசையில் ஒவ்வொரு லாய்த்தனும் கோலினாகவே முடியும்.

இதற்கு மருந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பான செய்தி. 1780இல் பிரவுன்ஷ்வைக்கில் ஆசிரியராக இருந்த ஹெல்விக், சதுரங்கத்தைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, ஆறு, சதுப்பு என்று நிறம் தீட்டி ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அது சதுரங்கத்தின் பிள்ளை. எல்லாக் காயும் எல்லோருக்கும் தெரியும். அடுத்து வந்த ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் பிரபு கட்டங்களைக் கைவிட்டு, நிலத்தின் மாதிரியை மேசையில் அமைத்து 1812இல் தம் அரசருக்குக் காட்டினார். அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824இல் அதை முழுமையாக்கினார். நிலப்படம் 1:8000 அளவில். ஒரு முறை என்பது இரண்டு நிமிடப் போர். இழப்பைத் தீர்மானிக்கப் பகடை. எல்லாவற்றுக்கும் மேலாக நடுவர் ஒருவர். ஆட்டக்காரர்கள் காயைத் தொடுவதில்லை. உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்கிறார்கள். அந்தத் தளபதி நின்ற இடத்திலிருந்து எது தெரியுமோ அதை மட்டும் நடுவர் படத்தில் வைக்கிறார். தூதன் போய்ச்சேரும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். பிரஷ்யப் பொதுப் படைத்தலைமையகத்தின் தலைவர் மியூஃப்லிங் இதைப் பார்த்துப் படைப்பிரிவுகளுக்குப் பரிந்துரைத்தார். அதன் காய்கள் வெறும் நீலச் செவ்வகமும் சிவப்புச் செவ்வகமும். ஆனால் குன்றுக்குப் பின்னால் இருப்பது குன்றுக்குப் பின்னாலேயே இருந்தது.

பொம்மைகள் வேறொரு வழியாக வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நியூரம்பர்கின் ஹில்பெர்ட் குடும்பம் தகரத்தில் தட்டைச் சிப்பாய்களை வார்த்தது. பிரெடரிக் உயிரோடு இருக்கும்போதே அவருடைய உருவமும் அந்தப் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைப் பீரங்கியால் பொம்மைச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தும் விதிகளை நூலாக்கினார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் நூலும், 1967இல் பிரிகேடியர் பீட்டர் யங்கும் ஜே.பி. லாஃபோர்டும் எழுதிய நூலும், 1971இல் சார்லஸ் கிராண்டின் நூலும் வந்தபோது இது பிரிட்டனில் பெரியவர்களின் பொழுதுபோக்காக நிலைத்துவிட்டது. கடைசி இரண்டும் பதினெட்டாம் நூற்றாண்டையே களமாக எடுத்துக்கொண்டவை. யங்கும் லாஃபோர்டும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையில் இருந்தவர்கள். அவர்கள் விதிகளில் அணிவகுப்பும் கொடியும் தாளமும் உண்டு. படிக்கப் படிக்க அந்தக் காலத்துப் போரின் உடலசைவு கண்முன் வருகிறது.

ஆனால் இந்தப் பாதையில் வந்த விளையாட்டு ரைஸ்விட்ஸின் நடுவர் போட்ட திரையைக் கீழே போட்டுவிட்டு வந்தது. காரணம் எளிது. வாரக் கணக்கில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியே ஒவ்வொரு சிப்பாயின் சட்டை மடிப்புக்கும் வண்ணம் தீட்டியவர் அந்தப் படையை மேசையில் பார்க்கத்தானே ஆசைப்படுவார்? பெட்டிக்குள் மறைத்துவைக்க யாருக்கு மனம் வரும்? இந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஆடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும்போது அந்த அழகுக்குக் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆட்டங்களை அமைப்பவர்கள் இதைச் சமாளிக்கும் வழிகளில் முதலாவது, ஆட்டத்தைப் பிற்பகல் 1 மணிக்குத் தொடங்குவது. பிரஷ்யர் ஏற்கெனவே தெற்கே வந்துவிட்டார்கள், ஆஸ்திரியச் சேமப்படை ஏற்கெனவே வடக்கே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு ஆடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் போர் முடிவான பிறகு தொடங்கும் ஆட்டம் அது. இரண்டாவது வழி அட்டைகள். பொம்மைகளுக்குப் பதில் எண்ணிட்ட அட்டைகளை நகர்த்துவது. சிலவற்றின் கீழே முழுப் படைப்பிரிவு இருக்கும், சிலவற்றின் கீழே ஒன்றுமே இருக்காது. எதிரி போதிய அளவு நெருங்கிய பிறகுதான் அட்டை எடுக்கப்பட்டுப் பொம்மை வரும். போர்ன அருகே பிரெடரிக் காட்டிய பாவனையை இது ஓரளவு பிடித்துவிடுகிறது.

மூன்றாவது வழியே எனக்கு உடன்பாடு: நடுவரை மீண்டும் கொண்டுவருவது, அதோடு போரின் பெயரையும் மறைப்பது. ஏனென்றால் திரை போட்டாலும் ஆட்டக்காரர் படித்த நூலுக்குத் திரை போட முடியாது. ‘லாய்த்தன்’ என்று சொன்னவுடனே அடி தெற்கிலிருந்து வரும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே படத்தைத் திருப்பி வடக்கைக் கிழக்காக்கி, கிராமங்களுக்கு வேறு பெயரிட்டு, சட்டை நிறத்தையும் மாற்றிவிடுவார்கள். இந்தப் பொழுதுபோக்கில் கற்பனைச் சிற்றரசுகளை உருவாக்கி ஆடும் வழக்கம் நெடுநாளாகவே உண்டு. இல்லாத ஒரு பிரபுவின் படையாக நின்றுகொண்டு உண்மையான ஒரு போரை, இன்ன போர் என்று தெரியாமலேயே ஆடுவதற்கு அது தோதான வேடம். தெரியாமல் ஆடிய ஒருவர் தாமாகவே சேமப்படையை வடக்கே அனுப்பினார் என்றால், கார்லும் டாவுனும் மூடர்கள் என்ற பழைய தீர்ப்பை அவர் மறுபடி யோசிப்பார். அவ்வளவு தகவலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

கண்ணுக்கு அடுத்தபடி, கீழ்ப்படிதல். கோலினில் திட்டம் கெட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடந்து போய்க்கொண்டிருந்த படையின் ஒரு பகுதியை, மான்ஷ்டைன் என்ற தளபதி நடுவழியிலேயே திருப்பி, தொல்லை கொடுத்த குரோவேசியத் துருப்புகள்மேல் ஏவிவிட்டார். அரசரின் அணி உள்ளிருந்தே கிழிந்தது. மேசையில் பொம்மைகள் சொன்ன பேச்சைத் தட்டாது. அதனால் இன்றைய விதிநூல்கள் கீழ்ப்படியாமையைப் பகடையால் புகுத்துகின்றன. 2009இல் வந்த ‘பிளாக் பவுடர்’ விதிகளில் தளபதி உத்தரவை வாய்விட்டுச் சொல்லி இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அவருடைய தகுதி எண்ணைத் தாண்டினால் படை அசையாது. சாம் முஸ்தஃபா 2012இல் வெளியிட்ட ‘மோரிஸ்’ விதிகளில் அந்த இடத்தைக் கைச்சீட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. சீட்டு செலவானால்தான் படை நகரும்.

இந்தத் தகுதி எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எண் 8 என்றால் இரண்டு பகடையில் வெற்றி வாய்ப்பு 36க்கு 26. லாய்த்தனில் பிரெடரிக்கின் காலாட்படை சாய்வணியில் வந்தது. ஒவ்வொரு பட்டாலியனும் தனக்கு வலப்புறம் இருப்பதைவிட ஐம்பது காலடி பின்தங்கி, படிக்கட்டுபோல் நகர்ந்தது. பத்துப் பட்டாலியன்களுக்குத் தனித்தனியாக உருட்டினால், பத்தும் ஒரே முறையில் நகரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குகூட இல்லை. படிக்கட்டு முதல் நிமிடத்திலேயே உடைந்துவிடும். எண்ணை 10 ஆக்கினால் அதே வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டுகிறது. எட்டா பத்தா என்று விதி எழுதுபவர் போடும் ஒற்றை எண்ணுக்குள், பிரஷ்யப் பயிற்சித் திடலில் ஆண்டுக்கணக்கில் நடந்த அணிநடை மொத்தமும் எடைபோடப்படுகிறது. ஒரு வரலாற்றாசிரியர் அத்தியாயம் முழுக்க வாதிட்டு நிறுவுவதை விதிநூல் ஓர் அட்டவணைக் கட்டத்தில் அறிவித்துவிடுகிறது. அதனால்தான் விதிநூல்களை வரலாற்று நூல்களைப் போலவே கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும் என்கிறேன்.

பல விதிகள் பிரஷ்யருக்குச் சுடும் பகடையில் கூடுதல் புள்ளி தருகின்றன. இரும்புச் சலாகை, வேகமான குண்டேற்றம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் லாய்த்தனை வைத்துப் பார்த்தால் கூடுதல் புள்ளி கால்களுக்குத்தான் போக வேண்டும். எட்டுக் கிலோமீட்டர் வரிசையின் நுனிக்கு ஒரு முழுப் படையை ஒழுங்கு குலையாமல் நடத்திச்சென்று, இரண்டு மணி நேரத்துக்குள் தாக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததுதான் அந்த நாளின் சாதனை. துப்பாக்கி அதற்குப் பிறகுதான் பேசியது.

லாய்த்தன் அடங்கிய ஏழாண்டுப் போரின் மற்றொரு முனை நம் மண்ணில் இருந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. அதே மஸ்கட், அதே நெடுவரிசை. ஆனால் ஒவ்வொரு தரப்பிலும் ஐரோப்பியர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். இருபது பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தால் முழுப் போரும் மேசையில் நெருக்கடியின்றி அமர்ந்துவிடும். சிக்கல் வேறு வடிவில் வருகிறது. பிரெஞ்சுப் பக்கம் நிற்பதாக இருந்த முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை சண்டையில் இறங்கவில்லை. இரு தரப்பு இந்தியச் சிப்பாய்களும் முக்கியச் சண்டையில் அதிகம் பங்குகொள்ளவில்லை. மேசையில் மூவாயிரம் குதிரை கையில் இருக்கும் லாலி அதைப் பயன்படுத்தாமல் விடுவாரா? கூலி பாக்கி, நம்பிக்கையின்மை, யார் ஜெயிப்பார் என்று பார்த்து நிற்கும் கணக்கு ஆகிய இவையெல்லாம் விதியில் இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தின் பெயர் மட்டும்தான் வந்தவாசி. கர்நாடகப் போர்களுக்கான நல்ல விதி ஐரோப்பியப் பயிற்சித் திடலிலிருந்து மட்டும் வந்துவிட முடியாது. தர்பார்களின் வரவு செலவையும் அது அறிந்திருக்க வேண்டும்.

மறுபடி லாய்த்தனுக்கு. தேவாலயச் சண்டை மேசையில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மதில் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தை ஆஸ்திரியத் தரப்பின் வூர்ட்ஸ்பர்க் படையினர் காத்தார்கள். பிரஷ்யக் காவற்படையின் பட்டாலியன் ஒன்று கதவருகே வந்தபோது அதன் தலைவர் தயங்கினார். மெல்லென்டார்ஃப் என்ற கேப்டன் முன்னே பாய்ந்து ஆட்களை உள்ளே இழுத்துச் சென்றார். ஒரு முறை அரைமணி நேரம் என்று வைத்த ஆட்டத்தில் இதற்கெல்லாம் ஒரே உருட்டல். பிரஷ்யர் அடித்தட்டைத் தேவாலய மாதிரியின் மதிலோடு ஒட்டிவைக்கிறார்கள், மதிலுக்காகக் காப்பவருக்கு இரண்டு புள்ளி கூடுகிறது, பகடை உருள்கிறது, ஐந்துக்கு நாலு, வெள்ளைச் சட்டைத் தட்டு ஒன்று மேசையைவிட்டு எடுக்கப்படுகிறது. அந்தத் தட்டில் இருந்தவை நான்கு பொம்மைகள். அவை குறித்தது சில நூறு மனிதர்களை. தயங்கிய தலைவரும் பாய்ந்த கேப்டனும் அந்த ஐந்துக்கும் நாலுக்கும் நடுவே எங்கோ இருக்கிறார்கள். சிறிய அளவில், தேவாலயத்தை மட்டும் தனி ஆட்டமாக வைத்தால் அவர்கள் வெளியே வருவார்கள். அப்போது குன்றும் நடையும் போய்விடும். இரண்டையும் ஒரே மேசையில் கேட்பது நியாயமில்லை.

எந்த அளவில் ஆடினாலும் விட்டுவிடக் கூடாத ஒருவர் லுக்கேசி. மாலை 4 மணிவாக்கில், லாய்த்தனை வடக்கு நோக்கித் தாக்கிக்கொண்டிருந்த பிரஷ்யக் காலாட்படையின் இடப் பக்கம் திறந்து கிடப்பதை அவர் கண்டார். காலையில் பயந்து உதவி கேட்ட அதே மனிதர் இப்போது தம் குதிரைப்படையோடு பாய்ந்தார். எடுத்த முடிவு சரியானது, நேரமும் சரியானது. ராடக்ஸ்டார்ஃப் அருகே ஒரு மேட்டின் மறைவில் ட்ரீசனின் பிரஷ்யக் குதிரைப்படை காத்திருந்தது மட்டும் அவருக்குத் தெரியாது. பக்கத்திலும் பின்னாலும் அது வந்து மோதியது. லுக்கேசி அங்கேயே வீழ்ந்தார். சிதறிய குதிரைகள் சொந்தக் காலாட்படைக்குள்ளேயே புகுந்தன. எல்லாம் தெரியும் மேசையில் லுக்கேசியை ஆடுபவர் ட்ரீசனை முன்பே பார்த்துவிடுகிறார். ஆகவே பாய்வதே இல்லை. கிராமத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று புள்ளியைக் காப்பாற்றிக்கொள்கிறார். அவரைப் பாயவைக்க விதியில் ஒரு கட்டாயம் எழுதுபவர்கள் உண்டு. அது வேண்டாம். ட்ரீசனின் பொம்மைகளை நடுவரின் பெட்டியில் வைத்துவிட்டு, பிரஷ்யரின் திறந்த பக்கத்தை மட்டும் அவர் கண்முன் வையுங்கள். குதிரைப்படை கையில் இருக்கிறது, பொழுது சாயப்போகிறது, படை தோற்றுக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது என்று அவரே முடிவு செய்யட்டும்.